ஒரு வாய்

தையற்கடையைப் பூட்டிவிட்டு அவள் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பழைய வீடு, கொல்லைக் கதவைத் தள்ளினால் கீல் முனகும். கோழிகள் தாமாகவே கூண்டில் அடைந்திருந்தன. முன்பெல்லாம் நாத்தனார் வந்து, “பா... பா...” என்று கூப்பிட்டால்தான் அடையும்.

நாத்தனார் செத்து ஒரு மாதமாகிறது.

எல்லாம் எலியால் வந்த வினை. கூண்டுக்கடியில் வளை தோண்டி, முட்டையை உருட்டிப்போய், குஞ்சுகளின் காலைக் கடித்து அவை போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. கம்பிவலை அடித்தார்கள், வளையைக் கல் வைத்து அடைத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

“சிந்தின தீனியைக் கூட்டி அள்ளுன்னு எத்தனை தடவை சொல்றது? எலிக்கு விருந்து வைக்கவா கோழி வளர்க்கிறே?” என்று லாரி ஓட்டும் அவள் கணவன், தன் தங்கையைக் காய்ச்சி எடுத்தான்.

மறுநாள் அவன் மனைவியான இவள் எலி மருந்தை நொய்யரிசிச் சோற்றில் பிசைந்து, கூண்டோரம் ஒரு தட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

நாத்தனாருக்கு ஒரு பழக்கம். கோழிக்கு வைக்கும் எதையும் முதலில் ஒரு வாய் தின்று பார்ப்பாள். “நல்லாயிருந்தாத்தான் என் பிள்ளைங்களுக்கு வைப்பேன், அண்ணி” என்பாள். தெருவே கேலி செய்யும். அண்ணிக்கும் அது தெரியும்.

சொல்ல மறந்தாளா, சொல்லாமல் விட்டாளா? அவளுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். “அது நல்லால்ல, அண்ணி. சாக்கடையில கொட்டிட்டேன். கோழிக்கு வச்சிடாதீங்க.”

ஒரு கோழிகூடச் சாகவில்லை. அதனாலேயே, கூண்டோரம் மருந்து வைத்திருந்தது தெரியாமல், நாத்தனார் தானாக விஷம் தின்றாள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். “நான் திட்டினதுலதான் போயிட்டா” என்று கணவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அப்போதே இவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

சோற்றில்தான் அது ஆரம்பித்தது.

தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்புவாள். பார்த்தால் ஓரத்தில் ஒரு வாய் குறைந்திருக்கும். முதல் நாள் எலி என்றுதான் நினைத்தாள்.

எலிக்கு ஏது விரல் தடம்?

தினமும் ஒரு வாய். பிறகு காதோரம் தவிட்டு வாடை. மூச்சுக்காற்று.

“நல்லாயிருக்கு, அண்ணி. தின்னுங்க.”

பழிவாங்க வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தக் கரிசனம் அவளைக் கொன்றது.

இன்று கணவன் கூண்டுக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க, அது உங்க மேல கோவத்துல தின்னலைங்க. மருந்து வச்சது நான். அது தின்னு பார்க்கும்னு தெரிஞ்சும் சொல்லலை.”

அவன் அவளையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

“பசியோட வந்திருப்பே. உட்காரு. இன்னைக்கு நான் ஆக்கறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அடுப்படிப் பக்கம் போனதில்லை. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. கடைசியில் ஒரு தட்டுச் சோற்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

“நீங்க?”

“எனக்குப் பசிக்கலை.”

தண்ணீர் எடுக்கும் சாக்கில் அவள் திரும்பிக்கொண்டாள். வேண்டுமென்றே நேரம் கடத்தினாள். பிறகு மெல்லப் பார்த்தாள்.

குவித்த சோறு குவித்தபடி இருந்தது.

ஒரு வாய்கூடக் குறையவில்லை.

கொல்லைக் கதவின் கீல் முனகியது. கூண்டுப் பக்கத்து இருட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“பா... பா...”

கோழி ஒன்றும் அசையவில்லை.

கணவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

“கூப்பிடுறா பாரு” என்று தட்டை அவள் பக்கம் தள்ளினான். “தின்னுட்டுப் போ.”