ஆறு கிலோமீட்டர் அலறல்

ஒரு திருடனை ஆறு கிலோமீட்டர் தூரம் ஊதியே தள்ளியவன் நான்!

வாயால் அல்ல. கம்ப்ரஸரால்.

சிரிக்காதீர்கள். என் வீட்டில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் சிரித்தாகிவிட்டது. ரிடையர் ஆன நாளிலிருந்து எனக்குப் பெயரே புருடா மாமா. வைத்தவன் என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி. ஒரு காலத்தில் கரி டிப்போ, இப்போது டைல்ஸ் கடை. என்னுடைய மற்ற கதைகளை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டே கேட்பான். இந்தக் கதையை ஆரம்பித்தால் மட்டும் தட்டை நகர்த்திவிடுவான்.

“நடக்காததை எத்தனை தடவை மாமா சொல்லுவீங்க?”

நேற்று மதியச் சாப்பாட்டில் மறுபடியும் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

நான் வேலையில் இருந்த காலம். ஒரு நாள் காலை...

பைப்லைன் ஆரம்பிக்கிற எங்கள் கேஸ் ஸ்டேஷனில் போன் அலறியது!

மறுமுனையில் எங்கள் வெல்டர். பைப்லைன் முடிகிற இடத்தில், டைல்ஸ் ஃபேக்டரி வளாகத்தில் காவல் நின்றவர். நெருப்போடு விளையாடுகிற மனிதர். குரல் நடுங்கியது.

“சார்... பைப்பு கத்துது.”

“காத்து போனா விசில் அடிக்கும்யா.”

“விசில் இல்ல சார். அழுகை. நடுநடுவுல தும்மல் வேற.”

காற்று தும்முமா?

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அன்று மாலைக்குள் ஃபேக்டரி சூளைக்கு கேஸ் போய்ச் சேர வேண்டும். கரி போட்டு எரித்ததில் டைல்ஸ் பாதி கருகி, பாதி வெடித்து, முதலாளி வெறுத்துப்போயிருந்தார். இன்றைக்கு கேஸ் வராவிட்டால் மெஷினைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்றார். சொன்னதோடு விட்டாரா? லாரிகளையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஊரில் பாதி வீட்டுக்கு அந்த ஃபேக்டரிதான் சோறு. என் வீட்டுக்கும் சேர்த்துத்தான். என் மனைவி அங்கே பேக்கிங் சூப்பர்வைசர்.

கேஸ் விடுவதற்கு முன்னால் பைப்பை உலர்த்த வேண்டும். அதற்கென்று பைப்பின் அகலத்துக்கே ஒரு ஸ்பாஞ்ச் உருளை உண்டு. சுருட்டிய மெத்தை மாதிரி இருக்கும். அதைப் பைப்பின் வாயில் திணித்து, மூடியைப் போட்டு, பின்னாலிருந்து காற்றை விட்டால்... தண்ணீர், துரு, மண் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய் மறுமுனையில் விழும்.

காலையில் நான்தான் திணித்தேன். நான்தான் மூடினேன். சுவிட்சைப் போட்டதும் நான்தான்.

உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்த்தேனா?

தலையணைக்கு உறை போடும்போது உள்ளே யாராவது படுத்திருக்கிறார்களா என்று நீங்கள் பார்ப்பீர்களா?

சீஃப் இன்ஜினீயர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“நாத்த மருந்து கேனைக் காணோம்யா.”

தலையில் இடி!

பைப்பில் வரும் இந்த கேஸுக்கு இயற்கையில் வாசனையே கிடையாது. கசிந்தால் ஒரு மூக்குக்கும் தெரியாது. அதனால் அழுகிய முட்டையே மூக்கைப் பொத்திக்கொள்கிற மாதிரி ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலப்போம். கலக்காமல் விடக்கூடாது என்பது சட்டம். இருந்தது ஒரே கேன். கேன் இல்லையென்றால் கேஸ் இல்லை. கேஸ் இல்லையென்றால் ஃபேக்டரி இல்லை.

“இது வெளியில யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது சார்” என்றேன். முதல் நாள் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கேனின் மகிமையைப் பற்றி நான் பெருமையடித்ததை எதற்குச் சொல்ல வேண்டும்?

திரும்பிப் பார்த்தால், வெல்டர்கள் பைப்புக்குள் படுத்தபடி உருண்டு போகிற சக்கரப் பலகையும் மாயம்!

புரிந்துவிட்டது. திருடன் கேனைத் தூக்கியிருக்கிறான். என் செருமல் கேட்டிருக்கிறது. பலகையில் படுத்து, பைப்புக்குள் உருண்டு, இருட்டில் ஒளிந்திருக்கிறான். அவன் பின்னாலேயே நான் மெத்தையைத் திணித்து...

“கம்ப்ரஸரை நிறுத்தட்டுமா சார்?”

“நிறுத்தினா நடுவுல மாட்டிப்பான். ஜீப்பை எடு.”

ஜீப் பறந்தது. பூமிக்கு மேலே நாங்கள்... பூமிக்குக் கீழே அவன்!

ஃபேக்டரியில் முதல் மெஷின் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. பைப்பின் வாய்க்கு எதிரே டைல்ஸ் பேக் பண்ணுகிற வைக்கோல் மலையாகக் குவிந்திருந்தது. அழுகை நெருங்கியது. தும்மல் நெருங்கியது.

டமால்!

முதலில் தூசி. அடுத்து துருத் தண்ணீர். அதற்கும் அடுத்து... பலகையில் மல்லாந்த ஒரு கரிய உருவம், நெஞ்சோடு கேனை அணைத்தபடி! ஃபேக்டரி புகைபோக்கி உயரத்துக்குப் போனான். இரண்டு காக்கைகள் ஒதுங்கி வழிவிட்டன. வைக்கோலில் விழுந்தான், எழுந்தான், கேனைப் போட்டான், ஓடினான். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பிறகு பார்த்ததே இல்லை.

கேன் உருண்டு போய் முதலாளியின் காலடியில் நின்றது. அவருடைய புத்தம் புதுக் காரிலேயே அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். அந்தக் காரை அதற்கப்புறம் சும்மா கொடுத்தும் யாரும் வாங்கவில்லை.

மாலையில் சூளையில் நீலச் சுடர்! லாரிகள் காலியாகத் திரும்பின. இன்று அங்கே வரிசையாகச் சூளைகள். அதே பைப்பில் கிளை எடுத்து பேக்கரி, கண்ணாடிப் பட்டறை, சலவைக் கூடம் என்று ஊரே வளர்ந்துவிட்டது. திருடன்தான் அகப்படவில்லை.

நேற்று இந்த இடத்தில் கொஞ்சம் மசாலா சேர்த்தேன்.

“பைப்புக்குள்ள எப்படிக் கத்தினான் தெரியுமா? அம்மா, அம்மான்னு... தொட்டில் குழந்தை தோத்துச்சு.”

மச்சினன் தட்டை நகர்த்தினான்.

“அம்மான்னு எல்லாம் கத்தல.”

“நீதான் நடக்கவே இல்லைங்கறியே மாப்ளே. உனக்கெப்படித் தெரியும்?”

அவன் காது சிவந்தது.

“அக்கான்னுதான் மாமா கத்தினேன்.”

என் வாய்க்குப் போன கை பாதியிலேயே நின்றது. என் மனைவி மட்டும் அலட்டிக்கொள்ளாமல் அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

“தெரியும்டா. அன்னிக்கு சிலிண்டரை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன், நாத்தம் போகவே இல்ல. உன்னைக் குளிக்கத் துரத்தினப்புறம்தான் போச்சு.”

“கேஸ் வந்தா என் கரி டிப்போ போயிடும்னு பயந்துட்டேன்க்கா.”

“போச்சு. அதனாலதானேடா டைல்ஸ் கடை வந்துச்சு.”

ஊருக்கே நாற்றம் கலந்து கொடுத்தவன் நான். என் மூக்கு ஒன்றுக்குத்தான் விஷயம் எட்டவில்லை! அதை விடுங்கள். மானப் பிரச்சினையை முதலில் தீர்த்துக்கொண்டேன்.

“அப்போ நான் சொன்னதெல்லாம் நடந்ததுதான்னு ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேன் மாமா. எல்லாம் நடந்தது. அந்த ஆறு கிலோமீட்டர் மட்டும் பொய்.”

“அளந்து போட்ட லைன்யா அது!”

“ஜீப்புல வந்த உங்களுக்கு ஆறு. மல்லாந்து வந்த எனக்கு அறுபது.”