கடலைக்காரனின் கால்

"உன் பட்டறைக்குப் போன சிலை திரும்பி வரலேய்யா!"

"எது வந்துதோ அதைத்தான்யா குடுத்தேன்! போற வழியில இவ மாத்தியிருப்பா."

"அடப்பாவி மனுஷா, நீ துணியில சுத்திக் குடுத்ததை நான் பிரிச்சுக்கூடப் பாக்கலையே!"

அலெக்சாந்திரியாவின் கடைத்தெரு விசாரணைக்கூடமே அதிர்ந்தது. காவலன் லிக்காஸ் தடியைத் தரையில் ஓங்கித் தட்டிய பிறகுதான் மூவரும் ஓய்ந்தார்கள். செல்வந்தர் திமார்க்கோஸ், வெண்கல வார்ப்புக்காரர் தியோன், கைகள் கட்டப்பட்ட அடிமைப்பெண் மிர்தலே. மேசைமேல் அந்தச் சிலை: ஒரு சாண் உயர வெண்கலக் கொண்டைக்கடலைக்காரன் கூன் முதுகோடு வாயைத் திறந்து கூவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய பீடம்.

"நிதானமா சொல்லுங்க" என்றார் விசாரணையாளர் பெதோசிரிஸ்.

"மாமனார் என்னை நம்பி விட்டுட்டுப் போன சிலை இது" என்றார் திமார்க்கோஸ். "விரல் ஒடிஞ்சுதுன்னு இவ கையில குடுத்து இந்தாள்கிட்ட அனுப்பினேன். வந்தது போலி! இன்னிக்கு ரோட்ஸ் தீவுக் கப்பல்ல மாமனார் வர்றார். அதுக்குள்ள இவளைச் சுரங்கத்துக்கு அனுப்பியாகணும். வண்டி வாசல்ல நிக்குது."

லிக்காஸ் வாசல் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். நூபியத் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை.

"போலின்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் பெதோசிரிஸ்.

"பீடத்துல நிக்காம ஆடுதே! முன்னெல்லாம் பல்லு மாதிரி இறுகி நிக்கும். சிலை இருக்கற பெட்டகத்தோட சாவி என் இடுப்புல. தொடைக்கறது நான், அன்னிக்குப் பீடத்துலேருந்து பிடுங்கிக் குடுத்ததும் நான். பீடம் வீட்டைவிட்டு நகரவே இல்ல."

பெதோசிரிஸ் சிலையைப் பீடத்துக் குழியில் வைத்தார். சிலையின் காலடியில் நீட்டியிருந்த முளை குழிக்குள் லொடலொடத்தது.

"போலிதான் ஐயா" என்றார் தியோன். "சிலை மேலயே அச்செடுத்து வார்த்தா, ஆறும்போது சுருங்கிடும், அதான் முளை குழியில ஆடுது. ஆனா எனக்கு வந்ததே இதுதான். நிஜத்தை நான் கண்ணால பார்த்ததில்ல. விரலை ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன். கால்ல அப்பியிருந்த மெழுகைக்கூட நானே சுரண்டினேன்."

பெதோசிரிஸ் நாணல் பேனாவைக் குழிக்குள் விட்டுக் கிளறினார். நுனியில் பழுப்பேறிய மெழுகு வந்தது.

லிக்காஸ் துள்ளினான். "ஐயா! மாத்திட்டு வந்து, ஆட்டம் தெரியக்கூடாதுன்னு இவளே மெழுகு வச்சு ஒட்டியிருப்பா!"

"ஒட்டியிருந்தா ஏன் ஆடுது? சாவியும் அவகிட்ட இல்லையேப்பா." அவர் குரல் உயரவில்லை. "இந்தப் பீடத்தை தியோன் இப்பதான் முதல்தடவை பாக்கறார். குழிக்குள்ள மெழுகு இருக்கறது அவருக்குத் தெரியாது. ஆனா நான் கிளறறதுக்கு முன்னாலயே கால்ல மெழுகு இருந்துதுன்னு சொல்லிட்டார். அப்போ பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடியே இந்த முளை மெழுகுலதான் நின்னிருக்கு. பல்லு மாதிரி இறுகி நின்ன சிலைக்கு மெழுகு எதுக்கு?"

பெதோசிரிஸ் திமார்க்கோஸ் பக்கம் திரும்பினார்.

"நிஜம் எப்பவோ விலைபோயாச்சு. சாவி வச்சிருந்தவர் போலியை மெழுகு வச்சு நிறுத்தினார். மாமனார் வர்றார்னு தெரிஞ்சதும் விரலை ஒடிச்சார். பழியைச் சுமக்க ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சார். இல்லையா, திமார்க்கோஸ்?"

திமார்க்கோஸ் வாசல் பக்கம் பார்த்தார். லிக்காஸ் அங்கே போய்க் குறுக்கே நின்றுகொண்டான்.

மிர்தலே கட்டிய கைகளை மேசைமேல் வைத்தாள்.

"எசமான், இந்தக் கயித்தை நீங்களேதானே இறுக்கினீங்க? வலிக்குதான்னுகூடக் கேட்டீங்களே... அப்பவும் எல்லாம் தெரியுமா உங்களுக்கு?"