இருவருக்கான மருந்து

ஈரோடு மருந்து வரையகத்தில் காலைக் கூட்டம் பாதி குறைவதற்குள் ஷமீனாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மருந்துக் கடைகள் மறைந்து ஒரு தலைமுறை ஆகிறது. இப்போது எவரும் யாருக்கோ செய்த மாத்திரையை விழுங்குவதில்லை. ஒரு துளி ரத்தம் கொடுத்துவிட்டு, கேன்டீனில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தால், அந்த உடம்புக்கென்றே கணித்த மருந்து குப்பியில் தயாராக இருக்கும். ஆனால் ஜனங்கள் மாறினால்தானே? "எங்கக்காளுக்குப் போன வாரம் குடுத்தீங்களே, அதையே குடுத்துருங்க" என்று தினமும் ஒருவராவது வந்து நிற்பார். அது அக்காளின் உடல்முத்திரைக்கு வரைந்தது, அந்த முத்திரை இல்லாத செல் எதுவானாலும் குப்பை என்று கரைத்துவிடும், உங்களையே கரைத்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே தொண்டை போயிற்று.

மருந்தை வரைவது மடிப்பான் என்னும் கணினி. புரதம் ஒரு நீண்ட மணிச்சரம். அது எப்படி மடிகிறதோ அதைப் பொறுத்தது அதன் வேலை. எந்த மணிக்கு அடுத்து எந்த மணியைக் கோத்தால் சரம் எப்படிச் சுருளும் என்று மடிப்பான் கணக்குப் போட்டு, நோய் இருக்கும் இடத்தில் கச்சிதமாகப் போய் உட்காரும் வடிவத்தைக் கண்டுபிடிக்கும். வரைஞரான ஷமீனா அதைச் சரிபார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு மடிப்பையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவள்தான். இப்போதெல்லாம் இட்லி வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல எட்டிப் பார்ப்பதோடு சரி.

அன்று துளசிமணியின் முறை வந்தபோது மடிப்பான் மருந்து தரவில்லை. 'இந்த ரத்தத்தில் இருவர் இருக்கிறார்கள்' என்று காட்டிவிட்டு நின்றது.

"ஏன் தேவசகாயம், யாரு ரத்தத்தையாச்சும் சேத்து ஊத்திட்டீங்களா?" என்று ரத்தம் எடுப்பவரை ஒரு பிடி பிடித்தாள் ஷமீனா.

"சத்தியமா இல்லீங்க மேடம். ஊசி, குப்பி எல்லாமே புதுசு."

அவள் கண்ணெதிரிலேயே இன்னொரு துளி எடுத்தார். அதிலும் இருவர். ஷமீனா எரிச்சலோடு அந்த இரண்டாவது முத்திரையைத் திறந்து பார்த்தாள். அதில் பாதி அப்படியே துளசிமணியுடையது. மறுபாதி வேறு யாருடையதோ. ஆண். அவளுக்குக் கைமயிர் சிலிர்த்தது. கருவிலிருக்கும் பிள்ளையின் செல்கள் சில தாயின் ரத்தத்துக்குள் கடந்துபோய் அங்கேயே தங்கிவிடுவதுண்டு என்று கல்லூரியில் படித்திருக்கிறாள். பரீட்சைக்கு எழுதினாள், மறந்தாள்.

துளசிமணியும் கணவர் ஆறுச்சாமியும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. தப்பாக மடிந்த புரதம் துளசிமணியின் இதயச் சுவரில் பாசிபோலப் படிந்துகொண்டிருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும்.

"அக்கா, உங்களுக்குக் குழந்தைங்க?"

"இல்லீங்க அம்மணி" என்றார் ஆறுச்சாமி அவசரமாக.

துளசிமணி சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு பையன் இருந்தான். பொறக்கறப்பவே மூச்சில்ல. மூஞ்சியக்கூட எங்கிட்டக் காட்டாம எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீ தாங்கமாட்டேன்னு எல்லாருஞ் சொன்னாங்க..." என்று ஆரம்பித்த ஆறுச்சாமி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஷமீனா துளசிமணியின் இதயப் படத்தைத் திரையில் திறந்து, அந்த இரண்டாவது முத்திரை எங்கே தெரிகிறது என்று பார்த்தாள். "அக்கா, அந்தப் பையனோட செல்லுங்க இன்னும் உங்களுக்குள்ள உசுரோட இருக்குது."

"எங்கீங்க?"

"இதயத்துல. பாசி அரிச்ச பக்கம் போய்ச் சேந்து, அங்கயே தசையா மாறியிருக்குது. உங்க தசையோட சேந்து துடிச்சுட்டிருக்குது."

துளசிமணியின் கண்ணிலிருந்து நீர் தன்பாட்டுக்கு வழிந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

சொல்ல வேண்டியதை ஷமீனா சொல்லித்தான் ஆகவேண்டும். "உங்க முத்திரைக்கு மட்டும் வரையச் சொன்னா மருந்து இன்னைக்கே வந்துரும். பாசி போயிரும். ஆனா அவனும் போயிருவான், ஒரு செல்லு மிஞ்சாது. அதனால உங்க உடம்புக்கு ஒரு கொறையும் வராதுங்க. ரொம்பக் கொஞ்சந்தான் இருக்கான்."

"அப்பறமென்ன யோசனை? போட்டுருங்க அம்மணி" என்றார் ஆறுச்சாமி.

"வேண்டாங்க" என்றாள் துளசிமணி. கணவர் பக்கம் திரும்பினாள். "ஒருக்கா எங்கிட்டக் கேக்காம எடுத்துட்டுப் போனீங்க. மறுக்கா விடமாட்டேன்."

அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஷமீனா கெஞ்சிப் பார்த்தாள். இருவரையும் தன்னவர் என்று ஏற்கும் மருந்தை இதுவரை யாரும் வரைந்ததில்லை, அப்படி ஒரு வடிவம் இல்லவே இல்லாமல் போகலாம், தேடுகிற நேரத்தில் இதயம் நின்றுபோகலாம் என்றாள். துளசிமணி அசைந்துகொடுக்கவில்லை. "நீங்க தேடுங்க கண்ணு. நா இருக்கறேன்" என்றாள்.

மடிப்பான் தேட ஆரம்பித்தது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் அத்தனை மூட்டைகளையும் பிரித்து ஒரே ஒரு நூலைத் தேடுகிற வேலை. மடித்தது, உதறியது, மறுபடி மடித்தது. துளசிமணியின் தசையோடு ஒட்டிய வடிவங்கள் பையனைக் கரைத்தன. பையனை விட்டுவைத்தவை பாசியையும் விட்டுவைத்தன. நாட்கள் போயின. மேல்மாடி வார்டில் துளசிமணியால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினாள். ஆறுச்சாமி அவள் கால்மாட்டை விட்டு நகரவில்லை. ஷமீனாவோ சோறு தண்ணீர் மறந்து திரைமுன் கிடந்தாள். இந்தப் பொம்பளை செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது மடிப்பான் நின்றது. திரையில் ஒரு புரதம் மெல்லச் சுருண்டு தன்னைத்தானே கட்டிக்கொண்டு அமைந்தது. ஷமீனா அதைத் துளசிமணியின் செல்மேல் வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. பையனின் செல்மேல் வைத்தாள். அங்கும் அதே இடத்தில், அதே பிடியாக ஒட்டியது. தாயிடமிருந்து மகன் வாங்கிக்கொண்ட பாதியில், இருவருக்கும் பொதுவான ஒரு குறுகிய மூலையை அது கண்டுபிடித்திருந்தது. அந்த மூலையைப் பற்றிக்கொண்டு பாசியை மட்டும் உரித்துப் போட்டது. "யா அல்லாஹ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் தேவசகாயம் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். இப்படியும் ஓர் இடத்தை வைத்திருக்கிறதே இந்த உடம்பு என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

குப்பியில் மருந்துக்கு உரியவரின் பெயர் பொறிக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பான் குப்பியை விடாது. துளசிமணி என்று தட்டினாள். இரண்டாவது பெயரையும் கேட்டது. ஷமீனா படியேறி ஓடினாள்.

"மருந்து கெடச்சிருச்சுக்கா! பையன் பேர் என்னங்க? சீக்கிரம்."

"நிலவன்" என்றாள் துளசிமணி, மூச்சு வாங்க. "பொன்னுச்சாமி" என்றார் ஆறுச்சாமி, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க எப்ப வெச்சீங்க?"

"பொதைக்கறப்ப. காதுல மூணு தடவ சொன்னேன். எங்கய்யன் பேரு."

"பொன்னுச்சாமியா? அந்தப் பேரோட எந்தப் பையன் பள்ளிக்கூடம் போவான்?"

"எங்கய்யன் பேருக்கு என்ன கொறைச்சல்?"

"அக்கா, மருந்து காத்திருக்குது" என்றாள் ஷமீனா. அவர்கள் காதில் விழவில்லை. ஆறுச்சாமிக்குக் கண் கலங்கியிருந்தது, குரலில் வீம்பு குறையவில்லை. துளசிமணியும் திணறிக்கொண்டே விட்டுக்கொடுக்காமல் பேசினாள். பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் நடக்கிற சண்டைதான். இவர்கள் வீட்டுக்கு இத்தனை வருஷம் தாமதமாக வந்திருக்கிறது.

கடைசியில் ஆறுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்தார்.

"சரி புள்ள, உம்பட பேரே இருக்கட்டும். நீதான இத்தன வருஷமும் தூக்கிச் சொமந்துட்டிருக்கற."

ஷமீனா அங்கே நின்றபடியே கைப்பேசி வழியாக மடிப்பானுக்கு நிலவன் என்று தட்டினாள்.