புட்டிக்குள் ஒரு வால்

“போட்டோவெல்லாம் யார் வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல செஞ்சிடலாம், ஹமீதா! தீவைப் பத்தி முடிவெடுக்கக் கமிட்டி கூடுறதுக்கு முன்னாடி பல்லி புட்டியில இருக்கணும். இல்லேன்னா அப்படியொரு பல்லியே கிடையாது!”

அருங்காட்சியக இயக்குநர் இப்படிச் சொன்னதும் ஆராய்ச்சியாளர் ஹமீதாவுக்கு ரத்தம் கொதித்தது. சங்குமுனைத் தீவின் வரிப்பல்லி இதே கட்டடத்தில்தான் எத்தனையோ வருடமாகப் புட்டியில் மிதந்தது. ஸ்பிரிட் வற்ற வற்ற ஊற்றி நிரப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை. பல்லி காய்ந்து புட்டியின் அடியில் துகளாகிவிட்டது. இப்போது பல்லியே இல்லையென்று தீவை விடுதி கட்டக் கொடுக்கப் போகிறார்களாம்! என்ன அநியாயம் இது!

மறுநாளே ஸ்பிரிட் புட்டியோடு மீனவர் சேசடிமையின் படகில் ஏறினாள். தீவில் இறங்கியதும் பவளக் கற்களுக்கிடையே தவழ்ந்து தேடினாள். முழங்கால் கிழிந்தது. கல்லைப் புரட்டப் புரட்ட நண்டுகள்தான் ஓடின.

“தங்கச்சி, காத்து திரும்பிடுச்சு! வெரசா வா, படகு பாறையில மோதிரும்!” என்று கத்தினார் சேசடிமை.

கடைசிக் கல்லைப் புரட்டினாள். வரிப்பல்லி! பாய்ந்து பிடித்தாள். அதன் வயிற்றுத் தோலுக்குள் இரண்டு முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன.

“புட்டியில போடும்மா!”

“இதைக் காப்பாத்த இதையே கொல்லணுமாண்ணே? முடியாது!”

அவள் பிடி தளர்ந்தது. பல்லி ஒரு முறுக்கு முறுக்கிக் கற்களுக்குள் மறைந்தது.

“போச்சே!” சேசடிமை தலையில் அடித்துக்கொண்டார்.

“போகலண்ணே!” ஹமீதாவின் உள்ளங்கையில் அறுந்த வால் துள்ளிக்கொண்டிருந்தது. அதைப் புட்டியில் போட்டு மூடி, அலையில் பாய்ந்து படகைப் பிடித்தாள்.

இயக்குநரின் மேசையில் புட்டியை ‘டொக்’கென்று வைத்தாள்.

“உடம்பு எங்கே?”

“தீவுல உயிரோட இருக்கு, சார். வாலை உங்க துகளோட ஒப்பிட்டுப் பாருங்க!”

ஆய்வகம் மரபணுவை ஒப்பிட்டது. இரண்டும் ஒரே இனம்! கமிட்டி விடுதித் திட்டத்தை ரத்து செய்தது. சேசடிமை போனிலேயே விசிலடித்தார்.

ஆனால் ஹமீதாவின் கோபம் அடங்கவில்லை. ஸ்பிரிட் கேனைத் தூக்கிக்கொண்டு இயக்குநரைக் காட்சிக்கூடத்துக்கே கூட்டிப்போனாள். தீவு தீவாகப் பிடித்துவந்த பாம்புகளும் ஓணான்களும் பாதி வற்றிய புட்டிகளில் கிடந்தன.

“உயிரை எடுத்துக் கொண்டுவந்தோம். பத்திரமாவாவது வெச்சுக்க வேண்டாமா, சார்? புனலைப் பிடிங்க!”

அவர் புனலை முதல் புட்டியின் வாயில் வைத்துப் பிடித்தார்.