கடைசித் தூண் வரை

அன்று காலையும் நிருஜனின் பல் பிரஷ் காய்ந்தே இருந்தது. தனுஷியா அதன் நார்களைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். மொரமொரவென்று இருந்தன. கீழே, முன்னறை மேசையில் அவள் வைத்துவிட்டு வந்த தேத்தண்ணீர் வைத்தபடியே ஆறி, ஆடை படிந்து கிடந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிப் பத்தொன்பது நாட்கள். இந்தப் பத்தொன்பது நாட்களில் தன் கணவன் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததை அவள் கண்டதில்லை.

நான் வேலைக்குப் போன பிறகு குடிப்பார், வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குளியலறை விளக்கை அணைத்தாள்.

அந்தப் பயணம் நிருஜனின் நெடுநாள் ஆசை. ரயில்வே சிக்னல்களுக்கு வரைபடம் போடுகிற வேலை அவனுக்கு. அவனுடைய கணினித் திரையில் அந்தப் பாலைவனப் பூங்காவின் படம்தான் வருடக்கணக்காக இருந்தது: காற்று அரித்து அரித்துச் செதுக்கிய செம்மணற்பாறைத் தூண்கள், ஆளுயரத்திலும் பனையுயரத்திலும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல ஒரே பக்கம் பார்த்தபடி. நான்கு வயது மகள் லக்‌ஷிகாவை லண்டன் மோர்டனில் இருந்த அவன் தங்கை வசந்தமலரிடம் விட்டுவிட்டு இருவரும் போனார்கள்.

மூன்று மணி நேரம் நடந்திருப்பார்கள். குதிக்கால் கொப்பளித்து, தலை கொதித்து, மணலின் வெக்கை மூக்குக்குள் ஏறிய ஓரிடத்தில் தனுஷியா நின்றுவிட்டாள்.

"இன்னும் ஒரு மைல்தான். கடைசித் தூணைப் பாத்திட்டுத் திரும்புவம்," என்றான் நிருஜன்.

"எனக்கு ஏலாது. நீங்கள் போங்கோ. நான் காருக்குப் போறன்."

"எப்பவும் உமக்கு இப்படித்தான்."

தனுஷியா திரும்பி நடந்தாள். பத்து நிமிடம் கழித்துத்தான், முதுகுப்பையின் பாரம் தோளை இழுத்தபோது, இரண்டு தண்ணீர்ப் போத்தல்களும் தன்னிடமே இருப்பது தெரிந்தது. அப்போது திரும்பியிருக்கலாம். அவன் தொப்பி பாறைகளுக்கிடையில் இன்னும் தெரிந்தது. கூப்பிட்டாலே கேட்டிருக்கும். கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தாள். இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஐந்து மணி நேரம் காரில் இருந்தாள். காரைவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்கவும் பயம், உதவிக்கு ஆள் தேடி ஓட்டிக்கொண்டு போகவும் பயம், நான் போன பிறகு வந்தால் என்ன செய்வார் என்று. பொழுது சாய்கிற நேரம் நிருஜன் வந்தான். உதடு வெடிக்கவில்லை. சட்டையில் வியர்வைக் கறை இல்லை. பேர்ஸ் மணலில் எங்கோ விழுந்துவிட்டது என்றான். அவள் அழுதுகொண்டு போத்தலை நீட்டியபோது, "பரவாயில்லை," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். சின்னக் கோபத்தையும் நாலு நாள் சுமக்கிற நிருஜன்.

லண்டனுக்கு வந்த பிறகும் அப்படித்தான். குரலை உயர்த்தவில்லை. பிள்ளையோடு பொறுமையாக இருந்தான். வசந்தமலர் தொலைபேசியில், "அண்ணை நல்லா மாறிப்போட்டார் மச்சாள், நீங்கள் குடுத்துவைச்சனீங்கள்," என்றாள். தனுஷியா ஓம் என்றாள். ஓம் என்றபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தது முன்னறைக் கார்ப்பெட்டை. ஜன்னலோரம், அவன் நாள் முழுக்க நிற்கிற இடத்தில், இரண்டு பள்ளங்கள். வருடக்கணக்காக நின்ற அலுமாரியை நகர்த்தினால் தெரிவதுபோல. விரல்விட்டுப் பார்த்தாள். அடியிலிருந்த பலகை கீறி வளைந்திருந்தது.

அன்று காலை பிள்ளைக்குத் தலை சீவும்போது கேட்டாள். "நேற்று அப்பாவோட என்ன விளையாடினனீங்கள்?"

"அப்பா எனக்கு நிக்கப் பழக்கிறார்."

"என்ன நிக்கிறது?"

"சும்மா நிக்கிறது. அசையக்கூடாது. நான் இன்னும் வடிவா நிக்கேல்லையாம்."

சீப்பு அவள் கையில் அப்படியே நின்றது. பிறகு பின்னலை முடித்தாள். பிள்ளையை நேர்சரியில் விட்டாள். வேலைக்குப் போனாள்.

வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். மாலை நாலு மணிக்கு வெளியே இருட்டத் தொடங்கி, மழை தூறி, பஸ்களின் வெளிச்சம் கடைக் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தபோது அவள் கைபேசி அடித்தது. வெளிநாட்டு எண். பேசிய பெண் அந்தப் பூங்காவிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில் பேசினாள். நுழைவுப் பதிவில் இந்த எண் இருந்ததாம். கடைசித் தூணின் அடியில், நிழல் பக்கமாக, ஒரு ஆணின் உடல் கிடைத்ததாம். இறந்து ஏறக்குறைய மூன்று வாரமாம். பேர்ஸில் அவர்களுடைய கிங்ஸ்பரி வீட்டு விலாசத்தோடு ஒரு டிரைவிங் லைசென்ஸ். படமும் முகமும் ஒத்துப்போகின்றன. காணவில்லை என்று யாரும் முறையிடாததுதான் தங்களுக்கு விளங்கவில்லை.

"அவரிடம் தண்ணீர் ஏதும் இருக்கவில்லை," என்றாள் அந்தப் பெண். "மன்னிக்கவேண்டும். வீட்டில் உங்களோடு யாராவது இருக்கிறார்களா?"

தனுஷியா கோட்டையும் எடுக்காமல் வெளியே வந்தாள். இணைப்பை வெட்டவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பிறகுதான் வெட்டி, நேர்சரிக்கு அழைத்தாள்.

"அப்பா மூன்று மணிக்கே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாரே," என்றார்கள்.

பஸ் வரவில்லை. நடந்தாள். ஓடினாள். ஈர இலைகள் சறுக்கின. யாருடைய வீட்டிலோ வெங்காயம் தாளிக்கிற மணம். யாருடைய தொலைக்காட்சியோ சிரித்தது. அவளுடைய வீட்டில் மட்டும் விளக்கு இல்லை.

கதவைத் திறந்தாள். பிள்ளையின் சப்பாத்து வாசலில், ஜோடியாக. கோட்டு ஆணியில்.

"லக்‌ஷி."

சத்தம் இல்லை. ஹீட்டரின் முனகல்கூட இல்லை. ஆனால் வீடு சுட்டது. மதிய மணலின் வெக்கை. அதே மணம்.

ஜன்னலோரம் யாரும் இல்லை. குசினியில் யாரும் இல்லை. பின்கதவு திறந்திருந்தது.

தோட்டத்துப் புல்லில் இரண்டு பேர் நின்றார்கள். பெரியவர் ஒருவர். சிறியவர் ஒருவர். விலாவோடு கை ஒட்டி, மேற்கே பார்த்தபடி. மழை இருவர்மீதும் விழுந்தது. விழுந்த இடத்தில் ஆவியாகிப் போனது.

நிருஜனின் உருவில் நின்ற அது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தது.

தனுஷியா பாய்ந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. முழங்காலில் விழுந்து, இடுப்பைச் சுற்றிக் கைகோத்துத் தூக்கினாள். நேற்றிரவு தோளில் போட்டு மாடிக்குக் கொண்டுபோன பிள்ளை. ஒரு அங்குலம்கூட எழவில்லை. வெறுங்கால் கணுக்கால்வரை மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"அம்மாட்ட வாங்கோ. லக்‌ஷி. வாங்கோ, செல்லம்."

கன்னம் சுட்டது. பகல் முழுக்க வெயிலில் நின்ற கல்லின் சூடு. தடவிய விரலில் செந்தூள் ஒட்டியது.

அவள் கையிலிருந்து நழுவிப் புல்லில் கிடந்த கைபேசி மீண்டும் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

மகளின் உதடு அசையவில்லை. கழுத்து அசையவில்லை. கண்கள் மட்டும் மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கித் தாயின் முகத்தைத் தேடிப் பிடித்தன. ஒரு துளி கண்ணீர் நிறைந்து, இமையைத் தாண்டி, பாதிக் கன்னம் வருமுன் காய்ந்து போனது.