மீட்டர் பூஜ்யம் காட்டியபோது

"அந்த வாளியைக் கீழ வைங்க."

மழைக்கு ஒதுங்கி அவள் வீட்டுக் குளத்து மோட்டார் ரூம் வாசலில் நின்றவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பக்கத்து வீட்டு நீச்சல் குளத்துக்கு வந்த மெக்கானிக். அவளோ, குளோரின் இருந்த வாளியிலேயே ஆசிட்டையும் ஊற்றப் போனாள்.

"ரெண்டும் சேர்ந்தா விஷப்புகைங்க. மூச்சு நின்னுடும்."

மழை சொட்டிய அந்தக் கண்களை முறைத்து, "தெரியும்" என்று பொய் சொன்னாள்.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா நடந்து பழகுவதே தங்கள் வீட்டுக் குளத்தில்தான். பயம் அவளைத் தூங்கவிடவில்லை. வீம்பை விழுங்கிக்கொண்டு மறுநாள் அவனையே கூப்பிட்டாள்.

"மிதக்கிற டப்பால குளோரின் மாத்திரை போடலாம், ஆனா அளவு நிக்காது. உப்புல இருந்தே குளோரின் எடுக்கிற மெஷின் இருக்கு, விலை ஜாஸ்தி. சென்சார் வச்ச பம்ப்புன்னா தண்ணியப் பார்த்து மீட்டர்ல அளவு காட்டும், குளோரின் குறைஞ்சா மட்டும் ஊத்தும்."

"உங்க அப்பாவுக்குன்னா எதை வைப்பீங்க?"

"பம்ப்பு" என்றான், யோசிக்காமல்.

மாட்டி முடித்ததும் பெருமையாகச் சொன்னான். "இனி நீங்க என்னைக் கூப்பிடவே வேண்டாம்."

பாவி... அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னான்!

வீட்டிலுள்ள எல்லா மெஷினும் பழுதானது, இது மட்டும் ஆகவில்லை. எத்தனையோ முறை போனை எடுத்து எடுத்து வைத்தாள். கடைசியில் ஒரு மழைநாளில், காலையிலேயே சென்சாரைத் தண்ணீரிலிருந்து உருவி ஓரமாக வைத்துவிட்டு, மதியம் அவனுக்குப் போன் போட்டாள்.

"மீட்டர் பூஜ்யம் காட்டுது..."

"சென்சார் தண்ணிலதானே இருக்கு?"

"ம்..." என்று இழுத்தபடி ஓரத்தில் கிடந்த சென்சாரைப் பார்த்தாள். அவன் குரல் மாறியது.

"வெளியில இருந்தா, தண்ணில குளோரினே இல்லைன்னு நெனச்சு ஊத்திக்கிட்டே இருக்கும். உடனே ஆஃப் பண்ணுங்க. யாரும் இறங்கக் கூடாது."

திரும்பினாள். அப்பா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி ஒரு காலைத் தண்ணீருக்கு நீட்டிக்கொண்டிருந்தார். ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். நான் என்ன காரியம் செய்துவிட்டேன்...

அவன் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, "இன்னிக்கு இறங்கியிருந்தா..." என்று நிறுத்தினான். "சென்சாரை யாரு எடுத்தது?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. உண்மையைச் சொன்னால் இவன் இனி இந்தப் பக்கமே வரமாட்டான். அப்பாவின் ஈரம் படாத காலைப் பார்த்தாள்.

"நான்தான். பழுதானாத்தானே நீங்க வருவீங்க..."

அவன் அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"வழியெல்லாம் எனக்கு உசுரே இல்ல. நீங்க தண்ணில இறங்கியிருப்பீங்களோன்னு... சும்மா கூப்பிட்டிருக்கலாமே."

"என்னன்னு சொல்லி?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். போன் அடிச்சிருந்தாப் போதும். நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

அப்பா பார்க்கிறார் என்று தெரிந்தும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.