போய்ட்டு வரேன்

மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டத்துக்கு உட்கார வேண்டும். எங்கள் கடலோரக் குடியிருப்பின் முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் அதுதான் சட்டம். ஒரு காலத்தில் பொழுது போகாதவர்கள் வீடியோ கேம் ஆடினார்களாம். இப்போது ஆடாதவர்களுக்கு வாக்கே கிடையாது.

காட்சிக்கண்ணாடியை மாட்டினால், முப்பது வருடம் கழித்து எங்கள் தெரு எப்படி இருக்குமோ அப்படித் தெரியும். அங்கே நாங்கள் பேசிக்கொள்வதை 'நடுவர்' என்கிற மெஷின் கேட்டுக்கொண்டிருக்கும். ஆட்டத்தில் ஒரு குடும்பம் எதைப் பேசுகிறதோ அதுவே அதன் வாக்கு, நிஜத்திலும் அதன்படிதான் நடக்கும். கேள்வி கேட்டால் ஜனங்கள் பொய் சொல்வார்கள், விளையாட்டில் உண்மை வந்துவிடும் என்றார்கள் இதைக் கொண்டுவந்தவர்கள். எங்கள் வாயைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

போன திங்கட்கிழமை ஆட்டத்தில் கடல் மூன்றாம் மாடிவரை ஏறியது. மீட்புப் படகுகள் வந்தன. வீட்டைப் பூட்டி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, ஆண்கள் ஒரு படகிலும் பெண்கள் ஒரு படகிலுமாக ஏறினோம். ஆறு மணிக்கு நடுவர் முடிவைப் படித்தது.

"எல்லாக் குடும்பங்களும் திரும்பி வருவதாகக் கூறியுள்ளன. எனவே மேட்டுநிலத்தில் நிரந்தர வீடுகள் தேவையில்லை. கூடாரங்கள் போதும். நாளை இறுதிச் சுற்று."

நிஜத்திலேயே தண்ணீர் கீழ்த்தள மீட்டர் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. திரும்பி வர இங்கே என்ன மிஞ்சும்?

எதிர்வீட்டு நூர்ஜகான் அக்காதான் விஷயத்தைப் பிடித்தாள். "கமலா, படகுல ஏறும்போது நீ என்ன சொன்ன?"

"போய்ட்டு வரேன்னு சொன்னேன்."

"நானும் அதத்தான் சொன்னேன். வேற என்னத்தச் சொல்லுவாங்க!"

அந்த மெஷின் எங்கள் நல்ல பழக்கத்தை வாக்குமூலமாக எழுதிக்கொண்டுவிட்டது. முறையிட்டோம். பேச்சுதான் சாட்சி என்று பதில் வந்தது.

மறுநாள் காலை முதல் இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். இன்றைக்கு ஏறும்போது 'போறேன்' என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினோம். பலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். "ஊட்ல நோயாளிய வெச்சிக்கினு அந்த வார்த்தைய எப்படி சொல்றது?" என்றாள் மூன்றாம் மாடி சவுந்தரம்.

"கூடாரத்துல படுக்க வெச்சா மட்டும் நோய் போய்டுமா?" என்றாள் அக்கா. சவுந்தரம் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

என் கணவர் தணிகாசலத்துக்கோ எல்லாம் கேலி. ஷேவ் செய்யும்போதும், சாப்பிடும்போதும், "போறேன், போறேன்" என்று பழகினார். நான் கரண்டியை ஓங்கினேன். "நாக்கு பழக வேணாமாடி?" என்று சிரித்தார்.

அன்று மாலை முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் அந்த வார்த்தையைச் சொன்னோம். எழவு வீடுபோல் இருந்தது. ஆனால் மேட்டில் வீடு கிடைத்தது. எங்களுக்கு இரண்டு அறை, ஜன்னலில் வேப்பமரம் தெரியுமாம்.

இன்று காலை அவர் வேலைக்குக் கிளம்பினார். கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவரைச் சரிசெய்யும் படகில் வேலை. காற்று பலமாக இருந்தது. படகு ஹாரன் அடிக்கவே, டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவர் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"போறேன் கமலா!"

நாக்கு பழகிவிட்டது. நாலு மாடி இறங்கி ஓடினேன். "சரியா சொல்லிட்டுப் போ!" என்று கத்தினேன். என்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்ப வேண்டிய படகு. இப்போது நாலே முக்கால். அலைபேசியில் பதில் இல்லை. நூர்ஜகான் அக்கா எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் காட்சிக்கண்ணாடியை மாட்டி நடுவரைக் கூப்பிட்டேன்.

"திங்கக்கிழமை அவரு சொன்னதப் போடு."

"அந்தக் கூற்று செல்லாது. இறுதிக் கூற்று: போறேன்."

"அது வேணாம். பழசப் போடு."

"பழைய கூற்றை மீட்டால் உங்கள் குடும்பத்தின் நிரந்தர வீடு ரத்தாகும். மீட்கவா?"

நடுவர் சொன்னது அக்காவுக்கும் கேட்டுவிட்டது; ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "பைத்தியமாடி நீ? அவர் வந்தா எங்க குடிவைப்ப?"

"வரணுமே அக்கா," என்றேன்.

பிறகு நடுவரிடம் சொன்னேன். "மீட்டுடு."

ஐந்து மணிச் சங்கு ஊதத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, என் காதருகே அவர் குரல் கேட்டது.

"போய்ட்டு வரேன் கமலா."